ஒரு நாளுக்கு ஒரு சாண்

சுவிட்சர்லாந்தின் ஹின்டர்மோஸ் என்ற மலையூரில், வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் முற்பகலில், சோதிலிங்கம் சுட்ட சன்னம் துவக்கின் வாயை விட்டு வெளியே வந்து, ஒரு முழம் போனதும் போகிற அவசரத்தை விட்டுவிட்டு அந்தரத்தில் நின்றது. வெடிச் சத்தம் கேட்டது, மருந்துப் புகை மணத்தது, பிடங்குக் கட்டை தோளில் இடித்தது, தாழ்ப்பாள் போன்ற போல்ட்டை இழுத்ததும் வெற்றுத் தோட்டாக் கோது பாயில் விழுந்து உருண்டது. இவ்வளவும் முறைப்படி நடந்து முடிந்த பிறகும், சுண்டுவிரல் நுனி அளவான அந்தச் செம்பு நிறச் சன்னம் மட்டும், முந்நூறு மீற்றருக்கு அப்பால் இருந்த இலக்கைப் பார்த்தபடி புல்லுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த, துவக்குச் சுடும் சங்கத்தின் தலைவர் வால்ட்டர் காதடைப்பைக் கழற்றிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுபத்தாறு வயதில் அறுபது வருடங்களாகச் சுட்டு வருகிறவர். அன்று நடந்தது சங்கத்தின் வருடாந்தப் போட்டி, அவர் தன் வெடிகளை முடித்துவிட்டார், சோதிலிங்கத்துக்கு இதுதான் கடைசி வெடி, ஆகையால் அவர் விதிப்புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். இலக்கை அடையாத வெடிக்குப் பூச்சியம் என்று அதில் இருந்தது. அடைந்துகொண்டிருக்கிற வெடிக்கு ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூட ஆசிரியை அளவுநாடாவோடு வந்து பார்த்தபோது, சன்னம் நிற்கவில்லை, நாளுக்கு ஒரு சாண் நகர்கிறது என்பது தெரிந்தது. ஒரு சாண் நகர்வதற்குள் அது தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொண்டது, ஏனென்றால் அந்தத் துவக்கின் குழாய்க்குள் வெட்டப்பட்டிருந்த புரி அப்படிப்பட்டது. ஒரு நாளைக்கு ஒரு சுற்று, பூமியைப் போல, என்று ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பலகையைக் குறுக்கே வைத்துப் பார்த்தார்கள். சன்னம் அவசரப்படாமல் பலகையைத் தொட்டு, இரண்டரை மணி நேரத்தில் அதைத் துளைத்து, மறுபக்கம் வந்து தன் வழியே போனது. இரும்புத் தகட்டையும் அதே போலத்தான். தடுக்க முடியாது, திருப்ப முடியாது, இலக்கை அடைய மூன்றரை வருடமாகும் என்று கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்குச் சரியாகவே இருந்தது.

அந்தச் சுடுகளம் ஒரு பள்ளத்தின் குறுக்கே இருந்தது. இந்தக் கரையில் சுடுகிறவர்கள் படுக்கும் மரக் கொட்டில், அந்தக் கரையில் மண்மேடும் இலக்குப் பலகைகளும், நடுவே ரூடி என்ற மாட்டுக்காரரின் இறங்கி ஏறுகிற புல்வெளி, அதன் அடியில் ஓர் ஓடை, ஓடைக் கரையோடு நடைபாதை. சன்னம் ஒன்று பறந்துகொண்டிருக்கும் வரை சிவப்புக் கொடி ஏறியிருக்க வேண்டும், சுடும் கோட்டுக்கு முன்னால் ஆள் நடமாடக் கூடாது என்பது விதி. மூன்றரை வருடம் எப்படிப் புல் வெட்டாமல் இருப்பது என்று ரூடி கேட்டார். உடற்பயிற்சி மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடியது, இரண்டு மணி நேரம் பேசினார்கள், சன்னம் ஏன் இப்படிச் செய்கிறது என்று அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில், சன்னத்தின் பின்பக்கம் எங்கே இருக்கிறதோ அதுவே இனிச் சுடும் கோடு என்று கைதூக்கித் தீர்மானித்தார்கள். அன்று முதல் ரூடி தினமும் காலையில் பால் கறந்த பிறகு வந்து, இரண்டு கம்புகளையும் ஒரு கயிற்றையும் ஒரு சாண் முன்னால் நகர்த்தி நட்டுவிட்டுப் போவார். கயிற்றுக்குப் பின்னால் புல் வெட்டலாம், மாடு மேயலாம், கதிரை போட்டு உட்காரலாம். நடைபாதைக்காரர்கள் சன்னம் ஓடையைக் கடக்கும் வரை தேவாலயத்தைச் சுற்றிப் போனார்கள். காப்புறுதிக் கம்பனி ஒன்று, இது நடந்த விபத்தா நடக்கப்போகிற விபத்தா என்று கேட்டுக் கடிதம் எழுதியது, அதை வாசித்துக் கோப்பில் வைத்தார்கள்.

சோதிலிங்கம் அந்த ஊருக்கு வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், முதல் சில மாதங்கள் சனிக்கிழமை தோறும் பள்ளத்துக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்கும்போது அகதி விடுதிச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார். பிறகு ஒரு சனிக்கிழமை, யார் யாரைச் சுடுகிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று மேலே ஏறிப் போனார். யாரும் யாரையும் சுடவில்லை. ஆறேழு கிழவர்கள் பாய்களில் படுத்து, ஒரு காலத்தில் தாங்கள் இராணுவத்தில் தூக்கிய பழைய துவக்குகளால் கடதாசியைச் சுட்டார்கள், எழுந்து முழங்காலைத் தட்டினார்கள், கோப்பி குடித்தார்கள். அடுத்த சனியும் போனார். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துவக்கை வைத்திருக்க அப்போது அனுமதி இல்லை, ஆகவே வருடக்கணக்கில் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிரசாவுரிமை கிடைத்த வாரத்தில் வால்ட்டர் தன் துவக்கை அவர் கையில் கொடுத்துப் பாயைக் காட்டினார்.

அதன் பிறகு அவர் சேர்க்கத் தொடங்கினார். முதியோர் இல்லமொன்றில் சமையற்காரராக வேலை செய்துகொண்டே, பதினாறு வருடத்தில் ஒன்பது துவக்குகள், எல்லாம் பழைய போர்களில் தூக்கியவை, எல்லாம் ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இயக்க வேண்டியவை. சுவிஸ் துவக்குக்கு ஓர் இழுப்பு, ஒரு தள்ளு, அவ்வளவுதான். ரஷ்யத் துவக்கின் போல்ட் குளிரில் இறுகி அடம்பிடிக்கும். போல்ட்டில் அடித்திருக்கிற இலக்கமும் குழாயில் இருக்கிற இலக்கமும் ஒன்றுதானா என்று பார்ப்பார், மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவார், பழைய தோட்டாக்களின் உப்பு குழாயை அரித்துவிடும் என்பதால் சுட்டுவிட்டு வந்ததும் கொதிதண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றுவார். அதற்கு அவர் எடுத்தது வீட்டுக் கேத்தில்.

“உந்தக் கேத்திலாலை இனி நான் தேத்தண்ணி போட மாட்டன்,” என்றாள் அவர் மனைவி தவமலர், அடுத்த நாளே புதுக் கேத்தில் ஒன்று வாங்கி அதன் மூடியில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மனிதர் துவக்குகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பற்றி அவள் வேறொன்றும் கேட்டதில்லை, ஏனென்றால் காரணம் அவளுக்குத் தெரியும், கலியாணம் முடித்து வந்த முதல் வருடமே அவர் சொல்லிவிட்டார்.

காரணம் இதுதான். சோதிலிங்கத்தின் அண்ணன் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். ஒரு நாள் பகலில், இராணுவத்துக்குத் தகவல் கொடுத்தவர் என்று யாரோ சொன்னதை நம்பி, இயக்கத்துப் பெடியள் இரண்டு பேர் சந்தியில் அவருடைய சைக்கிளை மறித்தார்கள். புருவத்தில் வெட்டு விழுந்த ஒருவன் கையில் பொலிஸ் நிலையத்தில் பறித்த பழைய ஆங்கிலேயத் துவக்கு இருந்தது. சோதிலிங்கம் எதிரே சலூனில் பாதி வெட்டிய தலையோடு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். முதல் வெடியில் அண்ணன் சைக்கிள் பிடியை விடாமல் றோட்டில் குந்திவிட்டார். துவக்கு வைத்திருந்தவன் போல்ட்டின் பிடியை மேலே தூக்கினான், பின்னால் இழுத்தான், முன்னால் தள்ளினான், கீழே மடக்கினான். பிறகு இரண்டாவது வெடி. இத்தனை வருடங்களில் சோதிலிங்கத்துக்கு வெடிகளின் சத்தம் மங்கிவிட்டது, நடுவிலிருந்த அந்த நாலு அசைவுகள் மங்கவில்லை. தானே வெடித்துக்கொண்டிருக்கிற துவக்காக இருந்திருந்தால் அவர் அதைப் பற்றி நினைத்திருக்க மாட்டார். ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு பழந்துவக்குச் சந்தையில் அதே வகை ஆங்கிலேயத் துவக்கைக் கண்டபோது, அது எவ்வளவு பாரம், அதன் போல்ட் எவ்வளவு இறுக்கம் என்று அறிய வேண்டும் என்று வாங்கினார். பாரம் அதிகமில்லை. போல்ட் எண்ணெயில் வழுக்குவது போல வழுக்கியது. அந்தத் துவக்கால் போட்டியில் சுட்ட பத்தாவது வெடிதான் இந்த வெடி.

சன்னம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. கொட்டிலை விட்டு இறங்கியதும் நிலம் சரிய, சன்னம் நேராகப் போக, முதலில் கணுக்கால் உயரத்தில் இருந்தது முழங்கால் உயரமானது, பிறகு இடுப்பு. மழை பெய்தால் சிறு சீற்றம் கேட்கும், ஏனென்றால் சுட்ட கணத்தின் சூடு அதற்கு ஆறவேயில்லை. பனி கொட்டிய மாதங்களில் அதைச் சுற்றி ஒரு முட்டை அளவான வெளி பனியில்லாமல் இருந்தது, அங்கே சின்னக் குருவிகள் வந்து நெஞ்சைக் காட்டிக் குளிர்காய்ந்தன. வால்ட்டர் தன் கோப்பியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் குடிக்கப் பழகினார். சோதிலிங்கம் வேலை முடிந்ததும் மடக்குக் கதிரையில் கயிற்றுக்குப் பின்னால் உட்காருவார், இருட்டுகிறபோது எழுந்து போவார்.

பத்திரிகையில் படம் வந்த பிறகு தமிழ்ச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். பேர்னிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வடையும் தேநீர்ப் போத்தல்களுமாக வந்து, கயிற்றுக்குப் பின்னால் வரிசையாக நின்று பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், சிலர் படம் எடுக்க மறந்துபோனார்கள். சூடம் கொளுத்த வேண்டாம், வைக்கோல் இருக்கிறது என்று ரூடி கைச்சாடையில் சொல்ல, அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். வன்னியிலிருந்து மகனிடம் வந்திருந்த ஒரு தாய் ஒரு மணி நேரம் நின்றாள். பிறகு சன்னத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், “இவ்வளவு மெதுவா வர உனக்குத் தெரியுமே,” என்று கேட்டாள். மகன் அவளைத் தோளில் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“அது சரிதானே,” என்றாள் தவமலர் வீட்டுக்கு நடக்கையில். “எங்கடை ஊரிலையும் உப்பிடி வந்திருந்தால் சனம் விலகி நடந்திருக்கும்.”

சோதிலிங்கம் ஓம் என்றார்.

இரண்டாம் வருடத்துப் புரட்டாதியில் சன்னம் பள்ளத்தின் அடிக்கு, ஓடைக்கரை நடைபாதைக்கு, வந்து சேர்ந்தது. அங்கே அது ஒரு மனிதனின் நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் பாதையைத் திறந்துவிடலாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். புதன்கிழமை, சோதிலிங்கத்துக்கு வேலையில்லாத நாள், காலை ஒன்பது மணிக்குச் சாம்பல் நிறச் சட்டையோடு ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கி, சரிவில் நடந்து வந்து, கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய், சன்னத்துக்கு நேர் முன்னால் நின்றார். சன்னத்தின் நுனிக்கும் அவருடைய சட்டைக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தது.

“அண்ணை, கயித்துக்கு முன்னாலை நிக்கேலாது,” என்றார் சோதிலிங்கம்.

“தெரியும்.”

அந்த மனிதரின் இடது புருவத்தை ஒரு பழைய வெட்டு இரண்டாகப் பிரித்திருந்தது. சோதிலிங்கம் கதிரையிலிருந்து எழும்பவில்லை. கை மட்டும் கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

“பேப்பரிலை உங்கடை ஊரும் துவக்கின்ரை வகையும் கிடந்தது,” என்றார் வந்தவர். “அண்டைக்குச் சலூனுக்குள்ளை ஒரு பெடியன், பாதி வெட்டின தலையோடை. அது நீங்களோ எண்டு கேக்க வந்தனான்.”

“நான்தான்.”

“நான் யோகராசா. பாசல் டவுனிலை ஆஸ்பத்திரி லோன்றியிலை, உடுப்புத் தோய்க்கிற இடத்திலை, வேலை செய்யிறன்.” பிறகு, சொல்ல வேண்டியது முடிந்தது போல, “நான் இதிலை நிக்கிறன்,” என்றார்.

கயிறு நகர்த்த வந்த ரூடி அவரைப் பார்த்துவிட்டு வால்ட்டரைக் கூட்டிவந்தார். வால்ட்டர் விதியை வாசித்துக் காட்டினார். யோகராசா நல்ல ஜேர்மனில், விதி சரிதான், ஆனால் தான் நிற்கப்போவதாகச் சொன்னார். வால்ட்டர் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். எவ்வளவு அவசரம் என்று அவர்கள் கேட்க, சன்னம் சட்டையைத் தொடப் பின்னேரமாகும் என்று இவர் உண்மையைச் சொல்ல, ஆறு மணிக்கு வருகிறோம் என்றார்கள். இழுத்துத் தள்ளலாமா என்று ரூடி கேட்டார். வேண்டாம் என்று சோதிலிங்கம் தலையசைத்தார். அப்படி ஏன் அசைத்தார் என்று அவருக்கே அப்போது தெரியவில்லை. பின்னாளில் யோசித்தபோது, நாலு விரல் என்பது எவ்வளவு நேரம் என்று இருந்து பார்க்க விரும்பினேன் என்று தவமலரிடம் ஒத்துக்கொண்டார்.

மத்தியானம் தவமலர் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்தாள். ஒரு தமிழ் மனிதர் நிற்பதைக் கண்டதும் சாப்பாட்டுக் கரியரின் மூடியில் அவருக்கும் போடத் தொடங்கி, “இவர் ஆர்?” என்று கேட்டாள்.

“அண்ணரைச் சுட்டவர்,” என்றார் சோதிலிங்கம்.

அகப்பை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு, அள்ளியாயிற்று என்பதால், அவள் அதைப் போட்டாள். யோகராசா முன்னால் குனியாமல், மூடியை நாடிக்குக் கிட்டப் பிடித்து, நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கையும் மீதி விடவில்லை.

“இரண்டாம் தரம் ஏன்?” என்று சோதிலிங்கம் கேட்டது அதற்குப் பிறகுதான்.

யோகராசா வெற்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “முதல் வெடி வைக்கச் சொல்லி எனக்குச் சொல்லியிருந்தது,” என்றார். “இரண்டாம் வெடிக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. போல்ட்டை இழுக்கேக்கை நினைச்சன், இப்ப நிப்பாட்டினால் ஏன் முதலாவது வைச்சனி எண்டு என்னை நானே கேப்பன் எண்டு. அதுதான்.”

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. சோதிலிங்கம் முப்பத்துநாலு வருடமாக அந்த நாலு அசைவுகளுக்குள் வெறுப்பு இருந்திருக்கும், அல்லது பயம் இருந்திருக்கும், அல்லது பின்னாலிருந்து ஒரு கட்டளை வந்திருக்கும் என்று மாறி மாறி வைத்துப் பார்த்தவர். இது அவற்றை விடச் சிறியதாக இருந்தது. அவ்வளவு சிறியதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, எழும்பிப் போய் ஓடைத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நாலு மணியளவில் நுனிக்கும் சட்டைக்கும் இடையில் ஒரு விரல்தான் இருந்தது. சட்டைத் துணியில் பழுப்பாக ஒரு பொட்டு காய்ந்து தெரிந்தது.

“தள்ளி நில்லும்,” என்றார் சோதிலிங்கம். அதுவரை நீங்கள் என்றவர் இப்போது நீர் என்றார். “தள்ளிப்போட்டுக் கதைப்பம்.”

யோகராசா அசையவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

சோதிலிங்கம் எழுந்து, கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார். அவர் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விதியை மீறியது அன்றுதான். தன் வலது உள்ளங்கையைச் சன்னத்துக்கும் அந்த மனிதரின் நெஞ்சுக்கும் நடுவே வைத்தார். புறங்கையில் சட்டையும், சட்டைக்குக் கீழே இதயம் அடிப்பதும் தெரிந்தது. உள்ளங்கையில் சூடு ஏறியது.

யோகராசா கண்ணைத் திறந்தார். “கையை எடுங்கோ.”

“நீர் தள்ளும்.”

“நீங்கள் சமைக்கிற ஆள். கையை எடுங்கோ.”

சோதிலிங்கம் கையை அங்கேயே வைத்திருந்தார். நுனி தோலைத் தொட்டது, தொட்ட இடம் வெளுத்தது, பிறகு சிவந்தது. வால்ட்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ரூடி தன் மாடுகளின் பக்கம் திரும்பி நின்றார். இப்படியே அரை மணி நேரம் போயிற்று. மூன்றாவது ரத்தத்துளி மணிக்கட்டில் இறங்கியபோது தவமலர் கயிற்றண்டை வந்தாள்.

“அண்ணை,” என்றாள் யோகராசாவைப் பார்த்து. “இவர் எடுக்க மாட்டார். இருபத்தஞ்சு வருசமா எனக்கு இவரைத் தெரியும். நீங்கள் தள்ளினால் நாங்கள் வீட்டை போகலாம்.”

யோகராசா அவளைப் பார்த்தார், சோதிலிங்கத்தின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு இடது காலை ஒரு அடி பக்கவாட்டில் வைத்து, வலது காலை அதனோடு சேர்த்தார். சோதிலிங்கம் கையை எடுத்தார். சன்னம் அவர்கள் இருவருக்கும் நடுவே நின்றது, பார்ப்பவர்களுக்கு அது நிற்பது போலத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு வந்த பொலிஸ்காரர், கோட்டுக்கு முன்னால் யாரும் நின்றார்களா என்று கேட்க, இப்போது யாரும் இல்லை என்று வால்ட்டர் பதில் சொன்னார், அது அப்படியே எழுதப்பட்டது. பிறகு இரண்டு வருடமும் மூன்று மாதமும் கழித்து, மழைத்தூறல் விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தச் சன்னம் இலக்கின் எட்டாம் வட்டத்தில் விழுந்து சோதிலிங்கத்தையும் வால்ட்டரையும் புள்ளிகளில் சமப்படுத்தியது, ரூடி கயிற்றைச் சுருட்டிக் கொட்டிலில் மாட்டினார், கொடியை இறக்கினார்கள், ஊர் அதைப் பற்றிப் பேசுவதை மெல்ல மெல்ல விட்டது. அதெல்லாம் அதனதன் நேரத்தில் நடந்தது.

அந்தப் புதன்கிழமை பின்னேரம் மூன்று பேரும் சரிவில் ஏறி பஸ் தரிப்பிடத்துக்கு வந்தார்கள். தவமலர் தன் சால்வையின் ஓரத்தைக் கிழித்துச் சோதிலிங்கத்தின் கையைச் சுற்றியிருந்தாள். பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது. யோகராசா வீதியின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி, “உங்கடை அண்ணரின்ரை பேர் எனக்குத் தெரியாது,” என்றார். “அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.”

சோதிலிங்கம் கையில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக்கொண்டார். இந்த நாட்டில் அந்தப் பெயரை அவர் தவமலரைத் தவிர வேறொருவரிடம் சொன்னதில்லை.

“குணபாலசிங்கம்,” என்றார். “வல்லிபுரம் குணபாலசிங்கம். இருபத்தாறு வயது. தபாற்கந்தோரிலை முத்திரை வித்தவர். ஆரும் காசு குறையக் கொண்டு வந்தால் தன்ரை கைக்காசைப் போட்டு ஒட்டி அனுப்புவார்.”

யோகராசா அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்து பிழைத்தது. சோதிலிங்கம் திருத்தினார். மறுபடி சொன்னார், இந்தத் தடவை சரியாக இருந்தது, அதற்குப் பிறகும் விடாமல் சொல்லிக்கொண்டே நின்றார். மஞ்சள் பஸ் வளைவில் திரும்பி வந்து நின்று கதவைத் திறந்தது. அவர் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பொக்கெற்றைத் தடவினார். எங்கே போக வேண்டும் என்று சாரதி கேட்டார்.

“வல்லிபுரம் குணபாலசிங்கம்,” என்றார் யோகராசா.

அப்படி ஒரு தரிப்பிடம் இந்தப் பாதையில் இல்லையே என்றார் சாரதி. ஆனாலும் பஸ்ஸை எடுக்கவில்லை. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, அந்த மனிதர் அழுது முடிக்கும் வரை, புறப்படும் நேரம் கடந்த பிறகும் காத்திருந்தார்.